தோட்டத்திலிருந்து கன்சல்டிங் வேலைக்கு: முதல் ஆறு மாதத்தை வேஷம் போடாமல் கடக்கும் வழி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பக்கத்து மேசைக்காரர் "எந்த ஊர்?" என்று கேட்டார். "நுவரெலியா" என்றேன். மாவட்டம் நுவரெலியாதான், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் மனதில் வந்தது வாவி, குதிரை, ஏப்ரல் சீசன். என் வீடு பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஆறாவது காம்பரா. "அப்பா?" என்றார். "தோட்டத்தில் ஸ்டாஃப்" என்றேன். ஸ்டாஃப் என்றால் ஒபிஸ் உத்தியோகத்தர். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலிங் மெஷினில் நின்ற தொழிலாளி. இரண்டு நிமிடத்தில் சொன்ன அந்த இரண்டு பதிலையும் காப்பாற்ற எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

அந்த ஐந்து மாதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மலையகத்திலிருந்து பட்டம் முடித்து, அல்லது கணக்கியல் பரீட்சைகளைப் பாதி தாண்டி, முகாமைத்துவ ஆலோசனைக் கம்பெனியொன்றில் கடைநிலை ஆலோசகராகச் சேரப் போகிறவர்களுக்கானது இது. அடுத்த கம்பெனியின் சிக்கலைத் தோண்டி, எண்களைத் திரட்டி, என்ன செய்யலாம் என்று சொல்லிக் காசு வாங்குகிற தொழில் அது. "கம்பெனிக்கு நாடி பாக்குற வேலையா?" என்று அம்மா கேட்டார். இன்றுவரை அதைவிடச் சுருக்கமாக யாருக்கும் நான் விளக்கியதில்லை.

1. சேர ஒரு மாதம் இருக்கும்போதே பெயரை ஒன்றாக்குங்கள்

உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேச வந்து பத்திரத்தில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். நம் பலருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். எனக்கு மூன்றும் வேறு. அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய சேமலாப நிதிக் காசு பதினான்கு மாதம் இழுபட்டது. அதைப் பார்த்திருந்தும் நான் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தேன். செய்யாதீர்கள்.

கம்பெனி கேட்கப்போவது: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பட்டச் சான்றிதழ் (அது வரவில்லையென்றால் பல்கலைக்கழகம் தரும் பெறுபேற்றுக் கடிதம்), கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம், வரி டின் இலக்கம். சில இடங்களில் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரே பைலில் வையுங்கள்.

பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகளுக்கு அது போதும். பெயரே மாறியிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் எடுக்கும் வேலை. அதனால் நேர்முகத் தேர்வு நடக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

அடுத்த பொறி முகவரி. லயத்து முகவரியை எழுதக் கூச்சப்பட்டு டவுனில் இருக்கும் மாமா வீட்டு முகவரியை எழுதினேன். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் நீங்கள் பதிவாகியிருக்கும் இடத்துக்குத்தான் கிடைக்கும். இரண்டும் பொருந்தாமல் ஆள்வளப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. விளக்கம் எழுதும்போது பட்ட வெட்கம், முதலிலேயே லயத்து நம்பரை எழுதியிருந்தால் பட்டிருக்கக்கூடியதை விடப் பல மடங்கு. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். நிரந்தர முகவரியில் தோட்டம், பிரிவு, லயத்து நம்பர். தபால் முகவரியில் போர்டிங். தோட்டத்து ஒபிஸ் வழியாக வரும் கடிதம் எத்தனை நாள் அங்கே கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வங்கி அட்டையை அங்கே வரவழைக்காதீர்கள்.

கிராம உத்தியோகத்தர் எந்த நாளில் ஒபிஸில் இருப்பார் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் இரண்டு தடவை மழையில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பெயரை வாயால் சொல்வதும் இதில்தான் சேரும். முதல் நாள் என் பெயரை யாரோ இரண்டெழுத்தாக வெட்டினார்கள், நானும் சிரித்தேன். நான்கு மாதம் கழித்து மெயில் கையொப்பத்திலேயே அந்த வெட்டுப்பெயர் வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே "முழுப்பெயர் இது, இப்படிச் சொல்லுங்கள்" என்று ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடுகிற விஷயம். ஆறாம் மாதத்தில் சொன்னால் முறைப்பாடு மாதிரிக் கேட்கும்.

2. முதல் நாற்பது நாளுக்குக் காசு

நான் சேர்ந்தது 2023 பெப்ரவரி 13. அந்த மாதச் சம்பளப் பட்டியலை 10ஆம் திகதியே மூடியிருந்தார்கள். முதல் சம்பளம் மார்ச் 25இல்தான் வந்தது. அந்த நாற்பது நாளில் எனக்குப் போனது இது: வெள்ளவத்தையில் இருவர் தங்கும் அறையில் என் பங்கு மாதம் 15,000, இரண்டு மாத முற்பணத்தோடு 45,000. சப்பாத்து, உடுப்பு 14,500. சாப்பாடு 26,000. பஸ், போன் 6,500. மொத்தம் 92,000 ரூபாய். அம்மாவின் சீட்டுக் காசு, மீதிக்கு அவருடைய தோடு. தோடு மூன்று மாதம் அடகுக்கடையில் இருந்தது.

இன்று விலை இன்னும் ஏறியிருக்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். முக்கியமானது, சேரும் திகதியை ஒப்புக்கொள்ளும் முன் "சம்பளப் பட்டியல் எந்தத் திகதியில் மூடப்படும்?" என்று கேட்பது. அதற்கு முன் சேர்ந்தால் ஒரு மாதம் மிச்சம்.

சேர்ந்த பிறகுதான் பெரிய பொறி வரும். கன்சல்டிங் வேலையில் பயணம் அதிகம். வேன், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் நாம் கட்டிவிட்டுப் பிறகு பில் வைத்து வாங்க வேண்டும். பில் வைத்துக் காசு வர மூன்று, நான்கு கிழமை ஆகலாம். இரண்டாம் மாதத்தில் ஹட்டன் பக்கம் ஐந்து நாள் வேலைக்கு 38,000 ரூபாய் கட்ட வேண்டி வந்தபோது, "கார்ட் வேலை செய்யவில்லை" என்று மூத்தவர் ஒருவரிடம் கடன் வாங்கினேன். கார்ட் நன்றாகத்தான் வேலை செய்தது, கணக்கில்தான் காசு இல்லை. அவர் புரிந்துகொண்டார் போல. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, யாருக்கோ சொல்வது மாதிரி, "பயண முற்பணப் படிவம் ஒன்று இருக்கிறது தங்கச்சி, யாரும் பாவிப்பதில்லை" என்றார்.

எந்தக் கம்பெனியிலும் ஏறக்குறைய இப்படி ஒன்று இருக்கும். பயணத்துக்கு ஐந்து வேலைநாள் முன் கேளுங்கள். காரணத்தை நீட்ட வேண்டாம்: "இந்தப் பயணத்துக்கு இவ்வளவு செலவாகும், முற்பணமாகத் தர முடியுமா" என்ற ஒரு வரி போதும். ஏழ்மையை விளக்கச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. பில்லை மட்டும் தொலைக்காதீர்கள். மலைநாட்டுக் கடைகளில் பாதிப் பேர் பில் தரமாட்டார்கள், அங்கேயே கேட்டுக் கையால் எழுதி வாங்குங்கள்.

3. நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள்

கையில் கொடுத்து "கையெழுத்து வையுங்கள்" என்றால் சந்தோஷத்தில் வைத்துவிடுவோம். ஒரு இரவு கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியவை: ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழியும், கம்பெனி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி தனியாக 3 வீதம். தகுதிகாண் காலத்திலும் இது முதல் நாளிலிருந்தே உண்டு. "ஆறு மாதம் ஒப்பந்த அடிப்படை, ஈ.பி.எப். பிறகு" என்றால் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தச் சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வருமான வரி 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் போனால்தான். ஆரம்பச் சம்பளக்காரர் பலருக்கு அந்தக் கவலை இல்லை.

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சேர்ந்த ஆண்டில் வருடாந்த விடுமுறை கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமய லீவு மட்டும். அடுத்த ஆண்டு எத்தனை நாள் என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: மார்ச் முடிவதற்குள் சேர்ந்தால் 14 நாள், ஜூனுக்குள் 10, செப்டம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. சில கம்பெனிகள் இதைவிடக் கூடுதலாகத் தரும், கடிதத்தைப் பாருங்கள். தோட்டத்துத் திருவிழாவுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று இப்போதே கணக்குப் போடுங்கள், 8ஆம் படியில் அது வரும்.

பயிற்சிச் செலவுக்கு ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதா, விலக எத்தனை மாத முன்னறிவித்தல், லெப்டொப் உடைந்தால் யார் பொறுப்பு. இந்த மூன்றையும் விரல் வைத்து வாசியுங்கள்.

4. "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு ஒரு வசனம் தயாராக வையுங்கள்

இந்தக் கேள்வி முதல் மாதத்தில் இருபது தடவை வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வரும். எனக்கு வந்தது. ஒருவருக்கு நுவரெலியா, ஒருவருக்கு ஹட்டன் டவுன், ஒருவருக்குக் கண்டி. யாரிடம் கண்டி என்றேனோ அவர் அங்குள்ள திரித்துவக் கல்லூரிக்கு எதிர்ப்பக்கம் பற்றிக் கேட்டபோது வயிற்றுவலி என்று எழுந்து போனேன்.

இப்போது சொல்வது: "பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா ஸ்டோரில் இருந்து ஓய்வுபெற்றவர்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "ஆனால் நான் படித்தது..." என்று தொடராதீர்கள், அந்த "ஆனால்"தான் காட்டிக்கொடுக்கும். சிலர் பரிதாபப்படுவார்கள், சிலர் "ஆ, அழகான இடமாயிற்றே" என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

5. தெரியாது என்பதை அரை மணித்தியாலத்துக்குள் சொல்லுங்கள்

இதுதான் எல்லாரும் விழும் இடம், நகரத்துப் பிள்ளைகளும்தான். நமக்கு மட்டும் இன்னொரு பயம் கூடுதலாக இருக்கும்: இது தெரியவில்லை என்றால் தோட்டத்துப் பிள்ளை என்று நினைப்பார்களோ?

மூன்றாம் கிழமையில் மனேஜர் கூட்டத்தில் வேகமான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தில் சுழலும் காசு, எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னார் என்பது பிறகு விளங்கியது. நான் கையிருப்புச் சரக்கை மட்டும் கணக்கில் எடுத்து, வரவேண்டிய கடனையும் கொடுக்கவேண்டிய கடனையும் விட்டுவிட்டு, இரண்டு இரவு எக்செல் கட்டினேன். மூன்றாம் நாள் காலை அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டவில்லை. "முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நிமிடம்" என்றார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

நான் இப்போது புதியவர்களுக்குச் சொல்லும் ஒழுங்கு:

அரை மணித்தியாலம் நீங்களே முட்டிப்பாருங்கள். வழி தெரியவில்லையென்றால் போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். இதுவரை பார்த்தது இது, தடுக்கி நிற்பது இங்கே என்று காட்டுங்கள்.

கூட்டம் முடிந்த அன்றே "நான் விளங்கிக்கொண்டது இந்த மூன்று விஷயம், பிழையென்றால் திருத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஆங்கிலமோ சிங்களமோ முழுக்கப் பிடிபடாதவர்களுக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது. மூத்தவர்களுக்கும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது என்பது என் சந்தேகம்.

எக்செல்லில் கையால் போட்ட எண்ணை நீல எழுத்திலும் சூத்திரத்தைக் கறுப்பிலும் வையுங்கள். இந்தத் தொழிலில் பரவலான வழக்கம் அது. ஊகித்துப் போட்ட எண் என்றால் பக்கத்தில் "அனுமானம்" என்று எழுதுங்கள். கடைநிலை ஆலோசகர் ஊகித்த எண் இரண்டு நாளில் ஸ்லைடாகி, கிளையன்ட் முன்னால் பார்ட்னரின் (நம் கம்பெனிப் பங்காளியின்) வாயிலிருந்து உண்மையாக வரும். அந்த நேரத்தில் கை தூக்க முடியாது.

6. தெரிந்ததையும் சொல்லுங்கள்

இதைத்தான் நான் ஆக மோசமாகப் பிழைவிட்டேன். கிளையன்ட் பெயரோ தோட்டத்தின் பெயரோ சொல்லமாட்டேன், எண்களையும் மாற்றி முழு எண்ணாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் அதுதான்.

ஒரு கம்பெனியின் இரண்டு ஸ்டோர்களை ஒப்பிட்டோம். ஒன்றில் நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 22 கிலோ தூள் வருகிறது, மற்றதில் 20. நான்கரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த அளவு. இரண்டு வீதம் சின்னதாகத் தோன்றும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கிலோ கொழுந்து வரும் ஸ்டோரில் அது 200 கிலோ தூள். எங்கள் டீம் உடனே போன இடம் களவு. இரவு ஷிப்ட், கேட் பதிவு, சாக்குக் கணக்கு என்று மூன்று கிழமை தோண்டினார்கள்.

எனக்கு முதல் நாளே ஒரு சந்தேகம் இருந்தது. குறைந்த ஸ்டோருக்குக் கொழுந்து வரும் மலைகள் மழைப்பக்கம். மழையில் எடுத்த கொழுந்து இலையோடு தண்ணீரையும் சேர்த்துத் தராசில் ஏறும். அதற்காக மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எடுத்தவரின் கிலோவில் வெட்டுவார்கள். அம்மா வாழ்நாள் முழுவதும் திட்டிய விஷயம் அது. ஒரு தோட்டத்தில் வெட்டி எழுதி, மற்றதில் வெட்டாமல் எழுதினால் இரண்டு ஸ்டோரின் வீதத்தையும் ஒப்பிடவே முடியாது. பத்தாயிரம் கிலோவில் 900 கிலோ தண்ணீர் என்றால் உண்மைக் கொழுந்து 9,100. அதில் 22 வீதம் 2,002 கிலோ. ஏறக்குறைய அந்த 20 வீதமே வந்துவிடுகிறது. களவே தேவையில்லை.

இதைச் சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் "ஸ்டாஃப்" பொய் உடையும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று கிழமையும் இரவு ஷிப்ட் ஆட்கள் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அப்பாவின் வயதுக்காரர்கள்.

நான்காம் கிழமை மனேஜரிடம் போய் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், தண்ணீரையும் மேட்டு லயத்தையும். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதைச் சரிபார்க்க என்ன தரவு வேண்டும்?" மழைமானிப் பதிவையும் மடுவத்து நிறுவைப் புத்தகத்தையும் நாளுக்கு நாள் பக்கத்தில் வைத்தோம். மழை நாளில் வீதம் இறங்கியது, வெயில் நாளில் இரண்டு ஸ்டோரும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன.

அதோடு முடியவில்லை. சிக்கல் தண்ணீர் என்று நிரூபித்தால் கிளையன்ட் செய்யப்போவது என்ன? இனி எல்லா மடுவத்திலும் நன்றாக வெட்டு என்பதுதான். அது அம்மாமாரின் கிலோ. இதையும் மனேஜரிடம் சொன்னேன், குரல் நடுங்கித்தான் சொன்னேன். அறிக்கையில் ஒரு பரிந்துரை சேர்த்தோம்: எவ்வளவு வெட்டுவது என்பதைக் கணக்கப்பிள்ளையின் (கொழுந்து வேலையை மேற்பார்ப்பவரின்) கண்மதிப்புக்கு விடாமல், அன்றைய மாதிரிக் கொழுந்தை நிறுத்து அளந்து, வீதத்தை மடுவத்துப் பலகையில் எல்லாரும் பார்க்க எழுத வேண்டும். கிளையன்ட் பாதியை ஏற்றது. பலகை வந்தது, அளப்பது வரவில்லை. இதில் எனக்கு இன்றும் திருப்தி இல்லை.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் வீட்டறிவைக் கூட்டத்தில் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள், சோதிக்கக்கூடிய கேள்வியாகச் சொல்லுங்கள். "எங்க வீட்டில் இப்படித்தான்" என்றால் கதை. "மழை நாளையும் வெயில் நாளையும் பிரித்துப் பார்க்கலாமா?" என்றால் வேலை. தேயிலை மட்டுமல்ல, மரக்கறி லொறி, பால் சேகரிப்பு, எல்ல என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல்கள் என்று மலைநாட்டுக் கிளையன்ட் எதுவானாலும் இது உதவும்.

7. உறவு இருந்தால் எழுத்தில் அறிவியுங்கள்

கிளையன்ட் கம்பெனியில் உறவினர் வேலை செய்கிறாரா, பங்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும் படிவம் பெரும்பாலான ஆலோசனைக் கம்பெனிகளில் உண்டு. உறவு என்றால் டைரக்டர், மனேஜர் மாதிரி ஆட்கள்தான் என்று நினைத்து "இல்லை" போட்டேன். அடுத்த வேலையில் வந்த தோட்டப் பட்டியலில் சித்தி கொழுந்து எடுக்கும் தோட்டம் இருந்தது. கொழுந்து எடுப்பவரும் ஊழியர்தான், படிவத்தில் "உறவினர்" என்றுதான் இருக்கிறது. பத்து நிமிட மெயில். சம்பளச் செலவுப் பகுதியை மட்டும் வேறொருவருக்கு மாற்றினார்கள், மீதி வேலையில் இருந்தேன். அறிவிக்காமல் இருந்து பின்னால் தெரிந்திருந்தால் மொத்தமாகத் தூக்கியிருப்பார்கள்.

மறுபக்கம் வீடு. விஷயம் கசிந்து சித்தி கேட்டார்: "ஆள் கொறப்பாங்களா புள்ள? ஒனக்குத் தெரியுந்தானே?" இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறோம். தெரிந்தாலும் சொல்ல முடியாது, தெரியாது என்று பொய் சொல்லவும் வேண்டாம். "பேசக்கூடாதுன்னு கையெழுத்து வச்சிருக்கேன் சித்தி" என்றேன். இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் ரொட்டியை மட்டும் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார், சம்பல் வராது.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். ஒரு தோட்டத்தின் பெரியதுரையை (தோட்ட மனேஜரை) சந்திக்க அவர் பங்களாவுக்குப் போனோம். முன்வாசலால் போய் உட்கார்ந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்த அப்பு (பங்களா வேலைக்காரர்) என்னைப் பார்த்துவிட்டு, தட்டை வைத்துக்கொண்டே மெதுவாக, "நீ மேட்டு லயத்து மவதானே?" என்றார். எங்கள் தோட்டத்திலிருந்து பெண் எடுத்தவராம். துரை பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "ஆமா மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றேன். துரை கேட்டார், சொன்னேன், அரை நிமிடம். பிறகு கவ்வாத்துச் சுற்று (தேயிலைச் செடியை வெட்டிவிடும் சுற்று) எத்தனை வருடம் என்ற என் கேள்விக்கு அவர் கொஞ்சம் கவனமாகவே பதில் சொன்னார். ஒரு வருடம் முன்பென்றால் அந்த அப்புவைத் தெரியாத மாதிரி இருந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

8. நேரத்தையும் லீவையும் உள்ளபடி எழுதுங்கள்

எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கிழமைக்குக் கிழமை பதிய வேண்டும். மெதுவாகச் செய்கிறேன் என்று தெரிந்துவிடுமே என்று பதினான்கு மணித்தியால வேலையை எட்டு என்று எழுதினேன். விளைவு: அடுத்த வேலைக்கு அந்த எட்டை வைத்தே திட்டம் போட்டார்கள். நானே எனக்கு வெட்டிய குழி. உள்ளதை எழுதுங்கள். கேட்டால், புதிது, கற்றுக்கொண்டேன் என்று சொல்லுங்கள்.

தைப்பொங்கல் தனியார் கம்பெனிகளுக்கும் லீவு. தீபாவளி அரசுக்கும் வங்கிக்கும் லீவு, தனியார் கம்பெனி தரவேண்டும் என்று கட்டாயமில்லை, கேட்டுப் பாருங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா எந்த லீவுப் பட்டியலிலும் வராது. முதல் வருடம் "காய்ச்சல்" என்று போனேன், தேரோடு நான் நிற்கும் படத்தைத் தம்பி முகநூலில் போட்டுவிட்டான். கோயில் கமிட்டி திகதி அறிவித்த அன்றே, திருவிழா என்றே எழுதி லீவு கேளுங்கள். அடுத்த வருடம் அப்படித்தான் கேட்டேன். கொடுத்துவிட்டு, வரும்போது பொங்கல் கொண்டுவரச் சொன்னார்கள்.

9. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை

வேஷம் வேண்டாம் என்றால் வீட்டுக் கதை முழுவதையும் ஒபிஸில் கொட்ட வேண்டும் என்றில்லை. கடன், தாத்தாவின் குடி, அக்காவின் கல்யாணச் சிக்கல் எல்லாம் உங்களுடையவை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பில்லைப் பங்கு போடும்போது "இந்த மாதம் நான் வரவில்லை" என்றால் போதும், காரணம் வேண்டாம். குடிக்காதவர் சோடா எடுங்கள், யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. நல்ல சட்டையும் சப்பாத்தும் வேஷத்தில் சேராது. தொழில் உடுப்பு அது, அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி மாதிரி.

ஒன்றில் மட்டும் கவனம். "லயத்திலிருந்து போர்ட் ரூமுக்கு" என்ற மாதிரி ஒரு வீடியோவுக்கு உங்களைக் கேட்பார்கள். அம்மாவையும் கூடையோடு நிற்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டார்கள். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "சாமான் வெளம்பரமா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன், ஒன்றும் கெடவில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். அனுப்புமுன் வெட்டி ஒட்டிய கடைசிப் பிரதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

10. ஆறாம் மாத மதிப்பீடு

தகுதிகாண் காலம் பொதுவாக ஆறு மாதம். அது முடியும்போதுதான் கருத்து வரும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மனேஜரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு, அடுத்த தடவை நான் மாற்ற வேண்டிய ஒன்று எது என்று கேளுங்கள். பதிலைத் திகதியோடு குறித்து வையுங்கள். ஐந்தாம் மாத முடிவில் அந்தக் குறிப்பையும் நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும் ஒரு பக்கத்தில் எழுதி மதிப்பீட்டுக்கு ஒரு கிழமை முன் அனுப்புங்கள். பிழைவிட்டவற்றையும் எழுதுங்கள். நடைமுறை மூலதனக் கதையை நான் எழுதினேன், மூன்று கிழமை மௌனத்தையும் எழுதினேன். மதிப்பீட்டில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் பேசினோம்.

நிரந்தரமாக்கும் கடிதம் தானாக வராது, சில இடங்களில் மறந்தேவிடுவார்கள். ஆறு மாதம் முடிந்து இரண்டு கிழமையில் வரவில்லையென்றால் ஆள்வளப் பிரிவுக்கு மெயில் போடுங்கள். வந்ததும் பெயர் எழுத்துச் சரியா என்று முதலில் பாருங்கள். எனக்கு அந்த வெட்டுப்பெயரில் வந்தது, திருப்பிக் கொடுத்து முழுப்பெயரில் வாங்கினேன். இரண்டு பிரதி எடுத்து, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பைலில் வையுங்கள்.